கால அவகாசம் வழங்கும் விழா

ஆரணியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சிவசங்கரிக்கு அறுபது நாள் தேவைப்பட்டது. ஊர் சுற்ற அல்ல. மாநில மூக்குக்கண்ணாடி அளவையர் உரிம வாரியம் போட்ட ஓர் உத்தரவுக்குக் கீழ்ப்படிவதற்கு. மரியாதையாக எழுதிக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பினாள். கேட்டதும் கொடுத்துவிடுவதானால் வாரியம் என்று ஒன்று எதற்கு, அதற்கொரு தலைவர் எதற்கு, தலைவருக்கு முன்னால் போக ஒரு ஜீப்பும் பின்னால் வர ஒரு ஜீப்பும் எதற்கு என்றெல்லாம் யோசிக்கத் தெரியாத பெண். பாவம், படித்ததெல்லாம் கண்ணைப் பற்றித்தான்.

உத்தரவு நவம்பர் பத்தாம் தேதி பதிவுத் தபாலில் வந்தது. கண் பரிசோதிக்கும் அறை இருபது அடி நீளம் இருக்க வேண்டும். முப்பது நாளைக்குள் நீட்டிக் காட்டாவிட்டால் அறைக்குச் சீல். அப்புறமும் காட்டாவிட்டால் உரிமம் ரத்து. சிவசங்கரியின் அறை பதினோரு அடி. அதனால் எழுத்துப் பலகையை நாற்காலிக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச் சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி வைத்திருந்தாள். வந்தவர் நிலைக்கண்ணாடியைப் பார்த்து எழுத்தைப் படிப்பார், தூரம் இரட்டிப்பாகிவிடும். சின்ன அறை உள்ளவர்கள் எல்லா ஊரிலும் செய்கிற காரியம்தான். ஆரணித் தறிக்காரர்கள் பன்னிரண்டு வருஷமாக இந்த அறையில் கண் பார்த்துக்கொண்டு போய்த்தான் இழை பிசகாமல் பட்டு நெய்கிறார்கள். அதற்கும் உத்தரவில் ஒரு வரி இருந்தது: ‘பிம்பத்தில் தெரியும் இடத்தை இடமாகக் கருத இயலாது.’

சண்டைக்குப் போகிற சுபாவம் அவளுக்குக் கிடையாது. நல்லவேளையாக இடிப்பதற்கு ஒரு சுவர் இருந்தது. பக்கத்தில் துரைக்கண்ணுவின் ஜெராக்ஸ் கடை. பொங்கல் கழிந்ததும் அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாறப் போகிறார். இரண்டு கடைக்கும் சொந்தக்காரரான காத்தவராயன், “அவரு காலி பண்ணதும் நடுச்சுவர இடிச்சிக்கோம்மா, எனக்கு இன்னா வந்துச்சி?” என்று சொல்லிவிட்டார். பொங்கல் வரைக்கும் பொறுத்து, அப்புறம் இரண்டு வாரம் கொத்தனார் வேலை. டிசம்பர் பத்தாம் தேதிக் கெடுவுக்கு மேல் அறுபது நாள் கிடைத்தால் தாராளம். இதை அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வேலூர் மண்டல அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே மண்டலக் கண்காணிப்பாளர் வீரபாகு கடிதத்தை இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பிடித்துப்போனவர் பார்க்கிற பார்வை அது.

“மேடம், லெட்டர் பிரமாதமா எழுதிகிறீங்க. காரணம் நியாயமான காரணம். அறுபது நாள் குடுக்கறதுல வாரியத்துக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல.”

சிவசங்கரிக்கு உயிர் வந்தது. “ரொம்ப தேங்க்ஸ் சார். ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தீங்கன்னா மூணு மணி பஸ்ஸ புடிச்சிடுவேன்.”

“கையில எப்படிங்க குடுக்கறது?” வீரபாகு பதறிப்போனார். “கால அவகாசம் நலத்திட்ட உதவில வருது. தையல் மிஷின், இஸ்திரிப் பொட்டி, கால அவகாசம். மூணும் ஒரே லிஸ்டு. நலத்திட்ட உதவின்னா விழா வெச்சி, தலைவர் கையாலதான் வழங்கணும். போன வருஷம் ஒரு கிளார்க்கு தெரியாத்தனமா ரெண்டு பேருக்குத் தபால்ல அனுப்பிட்டான். இன்னும் சஸ்பென்ஷன்ல கிறான். அவனத் திரும்ப வேலைக்குச் சேர்க்கற ஆர்டரும் விழாவுலதான் குடுக்கணும்.”

“விழா எப்ப சார்?”

“நீங்க எப்ப வெக்கிறீங்களோ அப்ப.”

வாரியத்துக்கு விழா நடத்துவதற்கென்று ஒதுக்கீடு இல்லை. பயனாளிகளே குழு அமைத்து நடத்திக்கொள்வது மரபு என்று வீரபாகு விளக்கினார். மண்டபம், மேளம், பிளெக்ஸ், மைக் செட், ஸ்வீட் காரம், மேடைக்கு ஏழு நாற்காலி, அதில் நடு நாற்காலி மற்ற ஆறைவிட உயரம். ஆரணியில் நடப்பதால் தலைவருக்குச் சாதாரணத் துண்டு போர்த்துவது ஊருக்குத்தான் கௌரவக் குறைச்சல், பட்டாக இருக்கட்டும் என்றார். எல்லாவற்றையும் அவளே எழுதிக்கொண்டாள், ஏனென்றால் அவள் கையெழுத்து நன்றாக இருந்ததாம்.

“இன்னொன்னு மேடம். கொறஞ்சது இருபத்தஞ்சு பயனாளியாவது வேணும். அதுக்குக் கம்மின்னா தலைவர் வரமாட்டாரு.”

“ஆரணியில ஆர்டர் வந்தது எனக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும்தான சார்?”

“அதத்தான் யோசிச்சிகினு கிறேன். சுத்துப்பட்டுல கண்ணாடி விக்கிறவங்க யாரெல்லாம்னு சொல்லுங்களேன்.”

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஊர்க்கதை சொல்வதுபோல் சிவசங்கரி சொன்னாள். போளூரில் இரண்டு பேர், கலசப்பாக்கத்தில் ஒருவர், அப்புறம் சந்தவாசலில் தள்ளுவண்டியில் கூலிங்கிளாஸ் விற்கும் அஜித்குமார் என்ற தம்பி, ரொம்பத் தங்கமான பிள்ளை. வீரபாகு ஒரு பெயர் விடாமல் குறித்துக்கொண்டார்.

மறுவாரம் அந்தத் தங்கமான பிள்ளையிடமிருந்து போன் வந்தது.

“யக்கா, இன்னாக்கா பண்ண? எனக்கு ஆர்டர் வந்துகிதுக்கா. வண்டிய இருபது அடி நீளம் பண்ணுன்றாங்க.”

“வண்டியையா?”

“ஆமாக்கா. இருபது அடி வண்டிய எங்க ஊர் முக்குல திருப்ப முடியுமாக்கா? பஸ்ஸே ரிவர்ஸ் எடுத்துதான் திரும்புது. உன் பேரச் சொல்லி, அவங்ககிட்ட போய் அவகாசத்துக்கு மனு குடுன்னு ஆர்டர் குடுத்த சாரே ஃபாரமும் குடுத்துட்டுப் போனாரு.”

இப்படி வீரபாகுவின் ஜீப் ஊர் ஊராகப் போய் உத்தரவு கொடுத்தது. உத்தரவோடு சேர்த்து அவகாச மனுவும் கொடுத்தது. பதினைந்தே நாளில் பயனாளிகள் இருபத்தேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். அதில் பாதிப்பேர் சிவசங்கரியைப் போனில் திட்டினார்கள். மீதிப்பேர் விவரமானவர்கள், மண்டபத்தில் சாப்பாடு உண்டா என்று கேட்டார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. நாம் பாட்டுக்கு ஒரு கடிதம் எழுதப்போய் இத்தனை பேர் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டோமே என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் சாப்பிடாமல் இருக்கவும் நேரமில்லை, பிளெக்ஸ்காரன் அழைத்துக்கொண்டே இருந்தான்.

விழா டிசம்பர் ஐந்து என்று முடிவாயிற்று. கெடு முடிய ஐந்து நாள் மிச்சம் என்று சிவசங்கரி நிம்மதியாக இருந்தாள். மூன்றாம் தேதி வீரபாகு போன் செய்தார். பிளெக்ஸில் தலைவர் படம் பழசாம். முடி அதிகமாக இருந்த காலத்துப் படம். புதுப் படத்தில் முடி குறைவு என்பதால் தலைவர் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய முடியோடு புதுப் படம் தயாராகும் வரைக்கும் விழா தள்ளிவைக்கப்படுகிறது.

“சார், பத்தாம் தேதி எனக்கு கெடு முடியுது சார்.”

“அதான் அவகாசம் சாங்ஷன் ஆயிடுச்சே மேடம். வழங்கறதுதான் பாக்கி. பேஜார் பண்ணிக்காதீங்க.”

பதினொன்றாம் தேதி காலையில் வீரபாகு கடைக்கு வந்தார். அழைப்பிதழின் ப்ரூஃப் கொண்டுவந்திருந்தார். தலைவரின் பெயர் போதுமான பெரிய எழுத்தில் இல்லை என்று இருவருமாகத் திருத்தினார்கள். சிவசங்கரி டீ வாங்கிக் கொடுத்தாள். டீ குடித்து முடித்ததும் அவர் பையிலிருந்து வெள்ளைத் துணி, அரக்கு, மெழுகுவத்தி, பித்தளை முத்திரை எல்லாவற்றையும் எடுத்து மேஜைமேல் பரப்பினார்.

“இன்னா சார் இது?”

“சீல் மேடம். உங்க கெடு நேத்தோட முடிஞ்சிடுச்சில்ல?”

“நீங்கதான சார் சொன்னீங்க, சாங்ஷன் ஆயிடுச்சின்னு!”

“அது விழா ஃபைல். இது அமலாக்க ஃபைல். ரெண்டுக்கும் நான்தான் இன்சார்ஜு. ஆனா ஒரு ஃபைல்ல இருக்கறது இன்னொரு ஃபைலுக்குத் தெரியக் கூடாதுன்னு ரூல். அதுக்காகத்தான் ரெண்டு பேனா வெச்சிகினு கிறேன், பாருங்க.” சட்டைப் பையில் பச்சை ஒன்றும் நீலம் ஒன்றுமாக இரண்டு பேனா இருந்தன. நீலப் பேனாவால் எழுதிச் சீல் வைத்தார். வைக்கும்போது அரக்கு அவள் கதவில் வழியாமல் பார்த்துக்கொண்டார். பழகிய மனுஷி அல்லவா, அந்த மரியாதைதான்.

சீல் வைத்த அறைக்குள் லென்ஸ் பெட்டி, எழுத்துப் பலகை, செய்து முடித்து டப்பாவில் போட்டு வைத்த பதினெட்டு மூக்குக்கண்ணாடிகள். அதில் ஒன்று பச்சையம்மாளுடையது. தறியில் நீளவாட்டில் கட்டிய ஒரு பாவு நெய்து முடிந்ததும் பழைய இழை நுனியோடு புது இழை நுனியை ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்கிறவள் அவள். முடி மாதிரி இழை, ஆயிரக்கணக்கில். பழைய கண்ணாடி உடைந்து பத்து நாளாகிறது. கதவில் பதித்த சின்னக் கண்ணாடிச் சில்லு வழியாக சிவசங்கரி அவளுக்கு விரலால் காட்டினாள்.

“அதோ பாருங்க ஆன்ட்டி, மேல் தட்டுல, ரெண்டாவது டப்பா. உங்க பேர் எழுதிகிது பாருங்க.”

பச்சையம்மாள் மூக்கைச் சில்லில் அழுத்திப் பார்த்தாள். “எனக்கு டப்பாவே தெரியலியே பாப்பா. அது தெரிஞ்சா நான் ஏன் உங்கிட்ட வரேன்?” சில்லிலிருந்து மூக்கை எடுத்தாள். “நேத்து எட்டு இழை மாத்தி முறுக்கிட்டேன். தறிக்காரரு ஒன்னும் சொல்லல. ஆனா இந்த வாரப் பாவுக்கு வேற ஆளக் கூப்ட்டுட்டாரு.”

சிவசங்கரியால் பூட்டைத் திறக்கவா முடியும்? திறந்தால் ஜெயில் என்று துணியிலேயே அச்சடித்திருந்தது. கடைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினாள். வராதவர்களுக்கு அழைப்பிதழ் அனுப்பினாள்.

டிசம்பர் இருபத்தெட்டுக்கு வைத்த விழாவும் தள்ளிப்போயிற்று. அன்றைக்குத் தலைவருக்கு வேறொரு மாவட்டத்தில் நாற்பது பயனாளிகள் கிடைத்துவிட்டார்கள். பொங்கல் வந்தது, போனது. சொன்ன சொல் மாறாமல் துரைக்கண்ணு காலி செய்தார். “தங்கச்சி, சுவரு இனிமே உன்னுது” என்று போகிறபோது சொல்லிவிட்டும் போனார். சிவசங்கரி கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு காத்தவராயனிடம் போனாள்.

காத்தவராயன் சுவரைத் தடவிப் பார்த்தார், தன்னுடைய சுவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல. “இந்தப் பக்கம் இடிச்சா அந்தப் பக்கம் சீல் ஒடஞ்ச மாதிரியாச்சேம்மா. நாளைக்கு எம்மேல கேஸ் போடுவான். சீல தொறந்துட்டு வா, இடிச்சிக்கலாம்.”

“ரூம நீட்டிக் காட்டினாத்தான் சீல தொறப்பாங்களாம் ஐயா.”

“அப்ப நீட்டு.”

“நீட்டணும்னா இடிக்கணுமே ஐயா.”

“இடிக்கணும்னா சீல தொறந்துட்டு வா.”

இதற்குமேல் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. மாசக் கடைசி வரைக்கும் கடையைக் காலியாக வைத்திருப்பதாகவும், அப்புறம் செல்போன் கடைக்காரனுக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். அதுவே பெரிய தாட்சண்யம்தான். சிவசங்கரி வீட்டுக்கு வந்து, கணவன் கோபிநாத் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சமையற்கட்டில் உட்கார்ந்து அழுதாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒருத்தர் கண்ணைக்கூடத் தப்பாக அளந்ததில்லை. அப்படியிருக்க எதற்கு இப்படி என்று அவளுக்குப் புரியவே இல்லை.

ஜனவரி இருபத்துநான்கு. ஒருவழியாக விழா. காலை ஒன்பது மணிக்கு என்று போட்டிருந்ததால் பயனாளிகள் எட்டரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அஜித்குமார் தள்ளுவண்டியோடு வந்திருந்தான். விட்டுவிட்டு வந்தால் யாராவது அளந்துவிடுவார்களோ என்று பயம். தலைவர் முனைவர் சடையப்பன் பன்னிரண்டரை மணிக்கு வந்தார். மேளம், பூ, பட்டு எல்லாம் முறைப்படி நடந்தன. பட்டுத் துண்டை மடித்து உதவியாளரிடம் கொடுப்பதற்கு முன்னால் ஜரிகையைச் சுரண்டிப் பார்த்தார். பின்பு மைக்கைப் பிடித்தார்.

“என் அன்பிற்குரிய பயனாளிகளே! இந்த விழாவை நான் பலமுறை தள்ளிவைத்தேன். ஏன்? அவசர அவசரமாக வந்து அரைமணி நேரத்தில் போய்விட என் மனம் ஒப்பவில்லை. உங்களுக்கு அறுபது நாள் கொடுக்கிறவன், ஓர் அறுபது நாளாவது உங்களைக் காக்க வைத்தால்தானே அதன் அருமை தெரியும்?”

முதல் வரிசையில் வீரபாகு கை தட்டினார். பார்த்துவிட்டு மற்றவர்களும் தட்டினார்கள்.

“தபாலில் அனுப்பக் கூடாதா என்று யாரோ கேட்டார்களாம். அனுப்பலாம். மறுநாளே உங்கள் கைக்குக் கிடைத்துவிடும். கிடைத்ததும் என்ன செய்வீர்கள்? அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். அப்புறம் வாரியத்தை யார் நினைப்பார்கள்? இருபது அடி எதற்கு என்றும் கேட்கிறார்கள். என் வீட்டுக் கூடம் இருபது அடி. அதில் உட்கார்ந்து பார்த்தால் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நாட்டில் எல்லோருக்கும் அப்படித் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன், உத்தரவு போட்டேன். இது தவறா? எழுபத்திரண்டு வயதாகிறது, இன்னும் நான் கண்ணாடி போடவில்லை. ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் காகிதத்தையும் நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை. அதனால் கண் கெடவில்லை!”

மண்டபமே கை தட்டியது. ஐம்பது நிமிஷம் பேசினார்.

பிறகு வழங்கும் கட்டம். ஆறடி நீளத் தெர்மாகோல் அட்டையில் ‘60 நாட்கள்’ என்று தங்க நிறத்தில் எழுதியிருந்தது. முதல் பயனாளி சிவசங்கரி. அட்டையின் ஒரு முனையைத் தலைவரும் மறுமுனையை அவளும் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றரை மாதமாக இந்த நிமிஷத்துக்காகத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

“ஐயா, என் ரூமுக்கு சீல் வெச்சிட்டாங்க ஐயா. இந்த மாசத்துக்குள்ள தொறந்தாத்தான்...”

“கேமராவப் பாரும்மா,” என்றார் தலைவர், சிரித்த முகம் மாறாமல்.

அவள் கேமராவைப் பார்த்தாள். பளிச்சென்று அடித்தது. அவ்வளவுதான், அட்டையை உதவியாளர் வாங்கி அடுத்த பயனாளியின் கையில் கொடுத்துவிட்டார். இருபத்தேழு பேரும் அதே அட்டையைப் பிடித்தார்கள். கடைசியில் அதைச் சாக்கில் சுற்றி ஜீப்பில் ஏற்றினார்கள், மறுநாள் வேறு ஊரில் வேண்டுமாம். நிஜமான ஆணை தபாலில் வரும் என்று வீரபாகு அறிவித்தார். தபாலிலா என்று யாரும் கேட்கவில்லை. பசி.

நன்றியுரை சிவசங்கரி. அவள் மைக்குக்கு வருவதற்குள் தலைவரின் இரண்டு ஜீப்பும் கிளம்பிவிட்டன. மேடையில் ஏழு காலி நாற்காலி. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் கையில் இருந்த தாளில் பெயர்கள் வரிசையாக எழுதியிருந்தன, அவள் கையெழுத்திலேயே. தலைவருக்கு நன்றி, மண்டலத்துக்கு நன்றி, மண்டபத்துக்கு நன்றி, ஒலி ஒளி அமைத்தவருக்கு நன்றி என்று வாய் தன்பாட்டுக்குப் படித்தது. அறைக்குச் சீல் வைத்த வீரபாகுவுக்கு இரண்டு தடவை நன்றி சொன்னாள், இரண்டு ஃபைலுக்கும் சேர்த்து. இறங்கி வந்தபோது அவளுக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

ஆணை பிப்ரவரி ஆறாம் தேதி வந்தது. பழைய கெடுவிலிருந்து அறுபது நாள் நீட்டிப்பு. பிப்ரவரி எட்டாம் தேதியோடு முடிகிறது. துரைக்கண்ணுவின் பழைய இடத்தில் அதற்குள் செல்போன் கடை வந்து, நடுச்சுவரை ஒட்டி ஆளுயரத்துக்குக் கண்ணாடி அலமாரி அடித்துவிட்டார்கள்.

வீரபாகுவுக்குப் போன் செய்தாள். அவர் அவளைவிட வருத்தப்பட்டார்.

“ரெண்டாவது அவகாசம் கேளுங்க மேடம். கண்டிப்பா குடுப்பாங்க. ஆனா ரெண்டாவதுன்னா விழா நடத்திக் குடுத்த அனுபவம் இருக்கணும், பக்கத்துத் தாலுக்காவுல ஒன்னு. வந்தவாசில மார்ச்சுல போட்டுகிறோம். ஒருங்கிணைப்பாளரா உங்க பேரத்தான் குடுத்துகிறேன். நீங்க மாட்டேன்னா சொல்லிடுங்க, உங்க ரத்து ஃபைல நாளைக்கே மூவ் பண்ணிடறேன். கட்டாயம் ஒன்னும் இல்ல.”

அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. வேறு என்ன செய்ய என்றும் யோசிக்கவில்லை. சீல் வைத்த கதவுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வீரபாகு கொடுத்த நம்பருக்கு அடித்தாள். எடுத்தது ராதிகா. வந்தவாசியில் கண்ணாடிக் கடை திறந்து எட்டு மாதமாகிறது. குரலே சின்னப் பெண்ணின் குரல்.

“அக்கா, நேத்துதான்க்கா எனக்கு ஆர்டர் வந்துச்சி. என் ரூம் ஒன்பது அடிதான்க்கா. ராத்திரி பூரா தூக்கமே இல்ல. உங்களுக்கு அவகாசம் கெடச்சிடுச்சாமே, மெய்யாவாக்கா?”

சிவசங்கரி கதவைப் பார்த்தாள்.

“கெடச்சிடுச்சிம்மா. உனக்கும் கெடைக்கும், பயப்படாத.”

“அப்பாடா! இப்பதான்க்கா எனக்கு மூச்சே வருது. நான் இன்னா பண்ணணும்னு சொல்லுங்கக்கா.”

சிவசங்கரி மடியில் இருந்த நோட்டைத் திறந்து, பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினாள்.

“ஒன்னும் பெருசா இல்ல. உங்க ஊரு பக்கம் கண்ணாடி விக்கிறவங்க வேற யாரெல்லாம் இருக்காங்க? பேரு ஊரு மட்டும் சொல்லு, நான் எழுதிக்கிறேன்.”